மூக்கில் தொங்கும் எடை: டிராக்டர் லோடர் ஓட்டிய அனுபவம்

டிராக்டர் பின்னால் இழுப்பதற்காகச் செய்யப்பட்ட வண்டி. கலப்பை, ரொட்டவேட்டர், டிப்பர் எல்லாம் பின்பக்கம்தான். பெரிய சக்கரமும் பின்னால், பிரேக்கும் பின் சக்கரத்தில். முன் சக்கரத்துக்கு வண்டியைத் திருப்புவதுதான் முக்கிய வேலை. அப்படிப்பட்ட வண்டியின் மூக்கில் ஒரு பக்கெட்டை மாட்டி, அரை டன் மண்ணைத் தூக்கிக்கொண்டு போ என்றால், அதன் நிதானமே மாறிவிடுகிறது. இப்படி முன்னால் மாட்டும் பக்கெட்டுக்கும் அதைத் தூக்கும் கைகளுக்கும் சேர்த்துத்தான் லோடர் என்று பெயர். லோடர் மாட்டிய டிராக்டரில் நடக்கும் விபத்தானாலும் சரி, வீணாகும் டீசலானாலும் சரி, தேய்ந்துபோகும் கிளட்ச் பிளேட்டானாலும் சரி, தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: எடை இப்போது எங்கே இருக்கிறது?

நான் இருப்பது பொள்ளாச்சிப் பக்கம். ஐம்பது எச்.பி. டிராக்டரில் லோடர் மாட்டி வைத்திருக்கிறேன். மஞ்சி (தென்னை நார்) மில்களில் காயர் பித் (நார்த்தூள்) அள்ளிப் போடுவது, தோட்டங்களுக்குக் குப்பை ஏற்றுவது, களத்துக்குக் கிராவல் நிரவுவது, அனுமதி கிடைக்கிற காலத்தில் குளத்து வண்டல் ஏற்றுவது என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். ஜேசிபி வைத்துச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் லோடரைக் கழற்றி வைத்துவிட்டால் இதே வண்டி உழவுக்குப் போகும், மில்லுக்குள் இரண்டு கொட்டகைக்கு நடுவே இருக்கும் சந்திலும் திரும்பும். சின்ன வேலைக்கு அதுதான் தோது.

ஜேசிபி ஓட்டிப் பழகியவர்கள் டிராக்டர் லோடரில் ஏறும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும். ஜேசிபி சுமார் ஏழரை டன். அதன் பின்னால் இருக்கும் தோண்டும் கை, முன் பக்கெட்டுக்கு எதிர் எடையாகவும் உட்கார்ந்திருக்கிறது. நம் டிராக்டர் இரண்டு டன் சொச்சம்தான், பின்னால் ஒன்றும் இல்லை. அந்த வண்டியில் பழகிய வேகத்தை இதில் காட்டக் கூடாது.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். பக்கெட்டில் 600 கிலோ மண் இருக்கிறது, பக்கெட்டின் நடு முன் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது, இரண்டு அச்சுக்கும் இடைவெளி இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் அச்சுதான் இங்கே தாங்கு புள்ளி. 600-ஐ ஒன்றரையால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 450. அதாவது பின் சக்கரத்திலிருந்து 450 கிலோ காணாமல் போய்விடுகிறது. அது முன் அச்சுக்குத்தான் போகும். ஆகவே முன் அச்சில் கூடுதலாக ஏறியது 600 அல்ல, 1,050 கிலோ. லோடரின் சொந்த எடை வேறு இருக்கிறது. பின் சக்கரம் லேசாகிவிட்டால் என்ன ஆகும்? இழுவை போகும், சக்கரம் சுற்றும். அதைவிட முக்கியமாக, பிரேக் போகும். பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் வண்டி நிற்காது. நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியானால் முன் அச்சை இணைத்து வைத்துக்கொண்டால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். இரண்டு சக்கர ஓட்டத்தில் அந்த வசதி கிடையாது.

அதனால் லோடர் வேலைக்குப் போகும்போது பின்னால் எடை கட்டாயம் வேண்டும். பின் டயரில் தண்ணீர் நிரப்புவது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழி. வால்வை மேலே வைத்து, வால்வு மட்டம் வரைக்கும் நிரப்பினால் முக்கால் பங்கு நிரம்பும். மீதி இடத்தில் காற்று இருக்க வேண்டும், முழுக்க நிரப்பினால் டயர் கல் மாதிரி ஆகிவிடும். இது நல்ல வழிதான். ஆனால் டயர் தண்ணீர் பின் சக்கரத்தின் மேல் எடை கூட்டுமே தவிர, முன் அச்சின் சுமையைக் குறைக்காது. பின்னால் கலப்பை மாட்டும் லிங்கேஜில் தொங்கும் எடை இரண்டையும் செய்யும். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 400 கிலோ தொங்கினால், பின் சக்கரத்துக்கு 600 கிலோ கிடைக்கும், முன் அச்சிலிருந்து 200 கிலோ குறையும். மேலே போட்ட அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வரும் விடை.

400 கிலோவுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். தொண்ணூறு சென்டிமீட்டர் நீளம், நாற்பத்தைந்து அகலம், நாற்பது உயரத்தில் ஒரு கான்கிரீட் கட்டை வார்த்தால் கிட்டத்தட்ட 390 கிலோ வரும். வார்க்கும்போதே லிங்கேஜின் கீழ்க் கைகள் (கீழ் லிங்க்) இரண்டையும் மாட்ட இரும்பு ஆணி, மேல் கைக்கு (டாப் லிங்க்) ஒரு காது, உள்ளே கம்பிக் கூடு எல்லாம் வைத்துவிட வேண்டும். எங்கள் பக்கம் லேத் பட்டறையில் அந்தக் கம்பி வேலையைச் செய்து தருவார்கள். ஓட்டும்போது கட்டையை உயரத் தூக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு முழம் போதும். ரொட்டவேட்டரை எதிர் எடையாகத் தொங்கவிட்டு லோடர் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எடை சரிதான், ஆனால் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருக்கும் வேலையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடுகள் நிற்கிற ஆளுக்கும் ஆபத்து, சுவருக்கும் ஆபத்து. கட்டையில் அப்படி நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் கிடையாது.

அடுத்தது பக்கெட்டில் என்ன இருக்கிறது என்பது. அரை கன மீட்டர் பக்கெட் என்றால் அளவு ஒன்றுதான், எடை ஒன்றல்ல. காய்ந்த பித் ஒரு பக்கெட் அள்ளினால் வண்டிக்குச் சுமை ஏறியதே தெரியாது. அதே பித் மழையில் நனைந்துவிட்டால் கதை வேறு. அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் வெளிநாட்டுக்காரர்கள் செடி வளர்க்க வாங்குகிறார்கள். காய்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ. அரை கன மீட்டர் என்றால் 800 கிலோ. ஈரமானால் அதற்கும் மேலே. நேற்று வரை பித் அள்ளிய கையோடு இன்றைக்கு ஈர மணலில் பக்கெட்டை முழுக்க இறக்கினால், ஹைட்ராலிக் தூக்க முடியாமல் ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் ஆயிலைத் திருப்பி விடும் வால்வு) கீச்சிடும். கீச்சிட்டால் வண்டி நமக்குச் சொல்லிவிட்டது என்று அர்த்தம். லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஆயில் சூடாவதைத் தவிர வேறு ஒன்றும் நடக்காது. கொஞ்சம் கொட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வால்வை மெக்கானிக்கிடம் கொடுத்து டைட் வைத்துத் தூக்க வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வண்டியின் பம்ப், ஓஸ் (ஆயில் குழாய்), ஃப்ரேம், முன் அச்சு எல்லாம் ஒரு எல்லைக்குள் தாங்கும்படி செய்தவை. அந்த வால்வுதான் எல்லை. அதைத் தொட வேண்டாம்.

சுமையோடு போகும்போது பக்கெட் தாழ்வாக, உள்பக்கம் சாய்ந்து இருக்க வேண்டும். முட்டி உயரத்துக்கு மேல் தேவையில்லை. டிப்பர் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் தூக்க வேண்டும், கொட்டியதும் பின்னால் வந்துகொண்டே இறக்கிவிட வேண்டும். தூக்கிய பக்கெட்டோடு திரும்புவதுதான் டிராக்டரைப் பக்கவாட்டில் சாய்க்கும் வேலை. இதற்குக் காரணம் முன் அச்சுதான். டிராக்டரை நான்கு காலில் நிற்கும் வண்டி என்று நினைக்கிறோம். ஆனால் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு ஆணியில் (பின்) ஆடுகிறது, மேடு பள்ளத்தில் இரண்டு பக்கமும் ஏறி இறங்குவதற்காக. ஆகவே வண்டி நிற்பது மூன்று புள்ளியில்: பின் சக்கரங்கள் இரண்டு, முன்னால் அந்த ஆணி. முன்னால் போகப் போக அந்த முக்கோணம் குறுகிக்கொண்டே போகிறது. பக்கெட்டில் சுமை ஏறியதும் மொத்த எடையின் மையம் அந்தக் குறுகிய முனையை நோக்கி நகர்கிறது, தூக்கினால் மேலேயும் போகிறது. ஒரு பின் சக்கரம் ஒரு சின்னக் குழியில் இறங்கினால் போதும். முதலில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அச்சு ஆடி இடம் கொடுக்கும். அதன் தடுப்பில் போய் முட்டும்போது கையை விட்டுப் போயிருக்கும். இதை ஒரு முறை மனதில் வாங்கிக்கொண்டவர்கள் தூக்கிய பக்கெட்டோடு வளைவு எடுக்க மாட்டார்கள்.

சாய்வதுபோல் தோன்றினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பக்கெட்டை உடனே தரைக்கு இறக்குவது. குதிக்கப் பார்ப்பவர்கள்தான் வண்டிக்கு அடியில் மாட்டுகிறார்கள். அதற்காகக் கை எப்போதும் லிவர் பக்கத்தில் இருக்கட்டும். பாதுகாப்புக் கூண்டு உள்ள வண்டியானால் சீட் பெல்ட் கட்டியே ஆக வேண்டும். கூண்டு இல்லாத வண்டியில் பெல்ட் கட்டக் கூடாது. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் கூண்டு இருக்காது. லோடர் வேலை முழு நேரம் செய்பவர்கள் காசு பார்க்காமல் கூண்டு உள்ள வண்டியாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

மேட்டில் ஏறுவதற்கும் இதே கணக்குதான். கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கெட்டில் சுமை இருந்தால் மேட்டில் முன்னால் பார்த்து ஏறுங்கள், இறங்கும்போது ரிவர்ஸில் இறங்குங்கள். குளத்துக் கரையில் வண்டல் ஏற்றும்போது இது தினமும் வரும். கரைச் சரிவில் குறுக்காக ஓட்டுவது வேண்டவே வேண்டாம். குழி வெட்டிய இடத்தில், குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். நனைந்த வண்டல் வண்டி எடைக்குச் சொல்லாமல் சரியும்.

சரி, அள்ளுவதற்கு வருவோம். வேலை சுருக்காக முடிவதும் இழுத்துக்கொண்டே போவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. பக்கெட்டின் அடித்தகடு தரைக்கு மட்டமாக, குவியலை நேருக்கு நேர் பார்த்து, லோ கியரில், எஞ்சின் 1,500-லிருந்து 1,800 ஆர்பிஎம் வரை கை ஆக்ஸிலேட்டரில் நிறுத்திவைத்து மெதுவாக உள்ளே போங்கள். பக்கெட் பாதி நுழைந்ததும் லேசாகத் தூக்கிக்கொண்டே உள்பக்கம் சாய்க்க ஆரம்பிக்க வேண்டும். தூக்குவதும் சாய்ப்பதும் ஒரே ஓட்டமாக வந்தால் குவியல் தானாகவே பக்கெட்டுக்குள் சரிந்து விழும். இட்லிப் பானையிலிருந்து தட்டை அலுங்காமல் எடுப்பதுபோல, வேகம் எதற்கும் தேவைப்படாது. தூரத்திலிருந்து ஓடி வந்து முட்டினால் பக்கெட் நிறைவதில்லை. அடி முழுவதும் மூட்டுகளில் இருக்கும் பின்கள் (ஆணிகள்) வழியாக ஃப்ரேமுக்குப் போகிறது. ஒரு மூலையை மட்டும் வைத்து நெம்பினால் ஒரு பக்கத்து ஆர்ம் (பக்கெட்டைத் தூக்கும் கை) முறுக்கிக்கொள்ளும். அப்புறம் பக்கெட் என்றைக்கும் மட்டமாக உட்காராது.

நாள்பட்ட குப்பைமேடு கெட்டிப்பட்டிருக்கும். அடியில் மட்டும் குடைந்துகொண்டே போனால் மேலே விதானம் மாதிரி நிற்கும், ஒரு நேரத்தில் மொத்தமாக எஞ்சின் மேலேயோ ஆள் மேலேயோ விழும். ஓரத்திலிருந்து, மேலிருந்து படிப்படியாகச் சரித்துக்கொண்டு அள்ள வேண்டும்.

டிப்பரை நிறுத்தும் இடத்தை நாம்தான் சொல்ல வேண்டும். டிப்பர் ஓட்டுநர் தனக்கு வசதியான இடத்தில்தான் நிறுத்துவார். குவியலுக்குச் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் நிறுத்தச் சொல்லுங்கள். அள்ளி, பின்னால் வந்து, லேசாக ஒடித்து, முன்னால் போய்க் கொட்டினால் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டு மூன்று நீளம்தான் நகர வேண்டியிருக்கும். குவியலுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் முழு வட்டம் அடிக்க வேண்டும். சாயங்காலம் டீசலையும் முன் டயரையும் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நின்ற இடத்தில் சுமையோடு ஸ்டேரிங்கை ஒடிக்காதீர்கள், வண்டி ஓர் அடியாவது நகரும்போது ஒடியுங்கள். நாள் முழுக்க முன்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கும் வேலையில் கிளட்ச்சில் காலை வைத்தபடி ஓட்டினால் பிளேட் ஒரு சீசன் தாங்காது. ஷட்டில் கியர் (முன்னால், பின்னால் என்று திசையை ஒரே லிவரில் மாற்றுவது) உள்ள வண்டி லோடருக்கு நல்லது. ஆனால் அதிலும் வண்டி நின்ற பிறகுதான் திசை மாற்ற வேண்டும்.

எங்கள் ஊரில் இதோடு காற்றையும் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று பித் களத்தில் அடிக்கும்போது, காற்றுக்கு எதிர் முகமாகக் கொட்டினால் தூசி முழுவதும் ஓட்டுபவர் கண்ணிலும் ரேடியேட்டர் வலையிலும்தான் போய்ச் சேரும். காற்று முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும்படி டிப்பரை நிறுத்தி, பக்கெட்டை டிப்பர் விளிம்புக்கு நெருக்கமாக இறக்கிக் கொட்ட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் இல்லாமல் பித் வேலைக்கு ஏறாதீர்கள். ரேடியேட்டர் வலையை மத்தியானம் ஒரு தடவை, எஞ்சினை அணைத்துவிட்டு, தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பித் காய்ந்தால் தீப்பிடிக்கும் பொருள். சைலென்சர் பக்கத்தில் அது படிந்து கிடக்க விடக் கூடாது.

பக்கெட்டைத் தூக்கத் தூக்க அது உள்பக்கம் சாய்ந்துகொண்டே போகும் என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. தானாக மட்டம் பார்த்துக்கொள்ளும் லோடர்கள் இருக்கின்றன. நம் ஊர்ப் பட்டறைகளில் செய்து மாட்டுபவை அப்படி இருக்காது. தரையில் சரியாக இருந்த சாய்மானம் முழு உயரத்தில் நம் பக்கம் பார்த்து நிற்கும். மண் என்றால் கொஞ்சம் பின்னால் சிந்தும், அவ்வளவுதான். தென்னந்தடி, பெரிய கல் என்றால் ஆர்ம் வழியாக உருண்டு நேராக ஸ்டேரிங்குக்கு வரும். ஆகவே தூக்கும்போதே சாய்மானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வர வேண்டும். உருளும் பொருளைச் சங்கிலியில் கட்டாமல் நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கவே கூடாது.

ஃப்ளோட் என்று ஒரு நிலை இருக்கும். லிவரை முன்னால் கடைசி வரை தள்ளினால் அங்கேயே நின்றுகொள்ளும். அதில் பக்கெட் தரையின் மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி தானே ஏறி இறங்கும், களம் நிரவுவதற்கு அருமையானது. கிராவலைக் கொட்டிவிட்டு, ஃப்ளோட்டில் போட்டு, பக்கெட்டின் அடியால் பின்பக்கமாக இழுத்து வந்தால் மட்டப் பலகை போட்டதுபோல் வரும். ஆனால் உயரத்தில் இருக்கும் பக்கெட்டை இறக்க ஃப்ளோட்டைத் தொடக் கூடாது. தடுக்க எண்ணெய் அழுத்தம் இருக்காது, சுமையோடு தொப்பென்று விழும்.

இனி ஆட்கள் விஷயம். நோம்பி (ஊர்த் திருவிழா) வந்துவிட்டால் சீரியல் செட் கட்ட, தோரணம் கட்ட, வழியில் தொங்கும் கிளை வெட்ட, “அண்ணா, பக்கெட்டுல ஏறிக்கிறேன், கொஞ்சம் தூக்குங்க” என்று பையன்கள் வந்து நிற்பார்கள். ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள், மறுத்தால் முகம் கோணும். நான் ஒரே பதில்தான் சொல்வேன்: “ஏணி கொண்டு வா தம்பி, நான் பிடிச்சுக்கிறேன்.” ஒரு ஓஸ் வெடித்தால் போதும், ஆள் ஏழெட்டு அடியிலிருந்து பக்கெட்டோடு கீழே வருவார். மேலே தூக்கி வைத்த பக்கெட்டுக்கு அடியில் போவதும் இதே ஆபத்துதான், டீ குடிக்கிற நேரத்தில் நிழலுக்கு ஒதுங்குவதாக இருந்தாலும். வண்டியை விட்டு இறங்கும் முன் பக்கெட் தரையில், ஹேண்ட் பிரேக் மேலே, எஞ்சின் ஆஃப், சாவி பையில். மில் களத்தில் குழந்தைகள் விளையாடும். வெளியூர்க் குடும்பங்கள் அங்கேயே தங்கி வேலை செய்கிறார்கள், குழந்தைகளை விட வேறு இடம் அவர்களுக்கு இல்லை. சாவியை வண்டியில் விட்டுப் போகிற உரிமை நமக்குக் கிடையாது.

தலைக்கு மேலே போகும் மின்கம்பியைக் காலையில் வேலை தொடங்கும் முன் பார்த்துவிட வேண்டும். தோட்டத்து லைன்கள் தாழ்ந்து தொங்கும். லைனுக்கு அடியில் குவியலோ டிப்பரோ இருந்தால், இடத்தை மாற்றச் சொல்லுங்கள், மாற்றும் வரை ஆரம்பிக்க வேண்டாம். பக்கெட் கம்பியில் பட்டுவிட்டால் சீட்டிலேயே உட்கார்ந்திருங்கள். முடிந்தால் பக்கெட்டை இறக்கி விலக்குங்கள். கிட்டே யாரையும் வர விடாமல் சத்தம் போட்டு, லைனை நிறுத்தச் சொல்லுங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்ந்து விழும்படி குதித்து, காலைப் பிரிக்காமல் சின்னச் சின்னத் தாவலாக விலகிப் போக வேண்டும்.

டிராக்டரில் இடது, வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல். ரோட்டில் போகும்போது இரண்டு பெடலையும் சேர்த்துக் கொக்கி போடுங்கள். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி சுற்றிக்கொள்ளும், முன்னால் பக்கெட் தொங்கும்போது சுற்றுவது இன்னும் வேகமாக இருக்கும்.

பராமரிப்பில் நான் பிடிவாதமாக இருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, ஓஸ் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது. ஊசித் துளையிலிருந்து வரும் ஹைட்ராலிக் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தோலுக்குள் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று கிரீஸ். ஆர்ம், பக்கெட், சிலிண்டர் முனை எல்லா பின்னுக்கும் தினமும் கிரீஸ் கன் பிடிக்க வேண்டும், பித் தூசியில் வேலை என்றால் மத்தியானமும். அப்படியே கிங் பின்னுக்கும் (முன் சக்கரம் திரும்பும் ஆணி) முன் அச்சின் நடுப் பின்னுக்கும் அடியுங்கள். முன் டயரில் காற்று, டயர் அனுமதிக்கும் அளவின் மேல் எல்லையில் இருக்கட்டும்.

புதிதாக லோடர் வாங்குபவர்கள் பக்கெட் அளவையும் தூக்கும் உயரத்தையும் கேட்கிறார்கள். முதலில் குனிந்து, லோடரை வண்டியோடு பிடித்திருக்கும் ஃப்ரேமைப் பாருங்கள். ஃப்ரேம் எஞ்சின் பக்கத்திலேயே போல்ட் போட்டு முடிந்துவிட்டதா, பின் அச்சு வரை ஓடிப் பிடித்திருக்கிறதா? பாதியில் முடிந்தால் இடி முழுவதும் கிளட்ச் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) தாங்க வேண்டும், விரிசல் அங்கேதான் விடும். விலை கொஞ்சம் கூடினாலும் பின் அச்சு வரை போகும் ஃப்ரேமையே கேட்டு வாங்குங்கள். மாட்டிய முதல் வாரம் போல்ட்களைத் தினமும் முறுக்கிப் பாருங்கள், உட்கார உட்காரத் தளரும்.

உழவு சீசனில் லோடரைக் கழற்றும்போது மட்டமான தரையில், அதன் ஸ்டாண்ட் மேல், பக்கெட் தரையில் படிய நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்தபின் லிவரை நான்கு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் ஓஸைக் கழற்ற வேண்டும். முனைகளுக்கு மூடி போடுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர் ராடுக்குக் கிரீஸ் பூசுங்கள். கான்கிரீட் கட்டையை இறக்கி வைத்து, முன் டயர் காற்றை உழவு அளவுக்குக் குறைத்துக்கொண்டு கிளம்பலாம்.